சேத்துக் கழுவின பெட்சீட்

குவைத்
14.06.2001

தர்ஷி அப்பாவுக்கு அமராவதி வணக்கம் சொல்லி எழுதிக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்னும் இல்ல. உங்க இருமல் நின்னுச்சா? கலவானையில மழை விடலன்னு எழுதியிருந்தீங்க.

இங்க நான் வேலை செய்யிற வீட்டுல ஆறு கட்டிலுக்கும் தினமும் பெட்சீட் மாத்திக் கழுவணும், யாரும் படுக்காத கட்டிலா இருந்தாலும். போன கிழமை ஒரு கூத்து. அவசரத்துல என் பெட்சீட்டையும் வீட்டுக்காரங்க பெட்சீட்டோட மெஷின்ல போட்டுட்டேன். மேடம் பாத்துட்டு, அவங்களோடத பூராவும் சுடுதண்ணியில மூனு தரம் கையால கழுவ வச்சாங்க. கையில கொஞ்சம் தோல் உரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். பயப்பட வேணாம்.

நம்ம வீட்டுலயும் கிழமைக்கு ஒருக்கா பெட்சீட் கழுவுறதா எழுதியிருந்தீங்க. சந்தோசம். கல்யாணம் கட்டி பன்னெண்டு வருசத்துல ஒரு தலகாணி உறையக்கூட நீங்க பீலித் தண்ணிக்கு எடுத்துட்டுப் போனதில்ல. அதே காயிதத்துக்கு அடியில தர்ஷி ரெண்டு வரி எழுதியிருந்தா, புஷ்பம் சித்தி நல்லா வெள்ளையா கழுவுதுன்னு. கீழ் லயத்துக்காரி தேயிலை மலையில கொழுந்து எடுத்துட்டு வந்து நம்ம வீட்டு பெட்சீட்ட ஏன் கழுவுறான்னு நான் கேக்கல.

அவகிட்ட ஒன்னு சொல்லுங்க. மழைன்னு அடுப்புக்கு மேல காயப்போட்டா புகை வாடை போகாது, புள்ளைக்கு இழுப்பு வரும். வெயில் கண்டதும் தர்ஷியோட பாய வெளிய போடச் சொல்லுங்க. புள்ளையோட படம் ஒன்னு அனுப்புங்க, தனியா எடுத்தது.

மேடம் கூப்பிடுறாங்க. பெட்டிக்கு மேல மடிச்சு வச்சிட்டு வந்த என் கம்பளிய மட்டும் புஷ்பத்தோட துணியோட சேத்து ஊற வைக்க வேணாம். அது அழுக்காவே இருக்கட்டும்.

அமராவதி