கல்லுக்குப் பால் ஊற்றிய ஜூட்டுக்கு

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்பு மகன் ஜூட்டுக்கு, அம்மா சொல்லச் சொல்ல ஜெனிட்டா எழுதுவது. மாதா புண்ணியத்துல இங்கே எல்லாரும் சுகம் சாமி, அங்கே டப்ளின்ல நீயும் உன் விரல்களும் சுகமா இருக்கணும். என் கண்ணாடி உடைஞ்சுபோச்சு, அதனால உன் தங்கச்சி எழுதறா. (அதுமேல உட்கார்ந்தது யாருன்னு கேட்காதே அண்ணா. அடைப்புக்குறிக்குள்ள வர்றதெல்லாம் என் சரக்கு, அம்மா பொறுப்பில்லை.) ஏற்காடு ரோட்டை மறுபடியும் தோண்டிட்டாங்க, நம்ம சலூனுக்கு வர்றவங்க தாடியோட புழுதியையும் கொண்டுவர்றாங்க, உங்கப்பாவுக்கு ஒரே தும்மல். அக்சிலியா அத்தைக்கு முட்டிவலி தேவலை, உன்னை விசாரிச்சா.

வர்ற சனிக்கிழமை உன் கடை முதலாளி தன் தாடையையே நீட்டிக்கிட்டு உட்காரப் போறார், நீயே தீட்டின கத்தியில கீறல் படாம சிரைச்சாத்தான் உனக்குத் தனி நாற்காலி, இல்லைன்னா பழையபடி முடி கூட்டுற வேலைன்னு சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. (ரெண்டு தட்டு இறங்குச்சு.) பிளேடை ஒடிச்சுப் போட்டுச் சிரைக்கிற காலத்துல இந்தச் சாணைக்கல்லைத் தூக்கிப் போடுங்கப்பான்னு நீ சிரிச்சே பாரு, அதை உங்கப்பா மறக்கலை. நீ பிளேன் ஏறினதுலேர்ந்து உன் கேள்வி என் வழியா வருது, அவர் பதில் என் வழியா போகுது, தபால்காரி வேலை எனக்கு. (அப்பா கத்தியைத் தீட்டுறார், உன்னைத் திட்டுறார், ஒரு சுழிதான் வித்தியாசம்.) கல்லுல முதல்ல பால் வரட்டும், அப்புறம் கத்தியை வைக்கச் சொல்லுன்னுதான் அவர் சொன்னார், நான் குழம்பைக் கிண்டிக்கிட்டே கல்லுல பால் விட்டுத் தீட்டணுமாம்னு போன்ல சொல்லிட்டேன், நீயும் விட்டுட்டே. (சாணைக்கல்லுக்குப் பாலாபிஷேகம் செஞ்ச முதல் கத்தோலிக்கன் நீதான். ஆண்பால், பெண்பால், பசும்பால் வரைக்கும் படிச்சவனுக்குக் கல்லுப்பால் தெரியலையே!) உங்கப்பாகிட்டச் சொன்னேன், சிரிக்கலை, கொழுப்பெடுத்த பாலான்னு மட்டும் கேட்டார், இல்லைங்கன்னேன், அவனுக்கும்தான் எடுக்கலைன்னார்.

போன்ல சொன்னா இப்படி ஆகுதுன்னுதான் எழுதியே அனுப்பறேன், ஜெனிட்டா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிடுவா. கல்லைப் புளிச்ச வாடை போகக் கழுவு சாமி. அதோட வந்த சின்னக் கல்லு இருக்குமில்ல, பெரிய கல்லுல தண்ணி தெளிச்சு அந்தச் சின்னதை வச்சுத் தேய், கல்லே கரைஞ்சு வெள்ளையா, பால் மாதிரி வரும், அந்தக் கரைசலுக்குத்தான் நம்ம கடையில பாலுன்னு பேரு. கத்தியைத் தூக்காம முதுகு கல்லுல படப் படுக்க வச்சு இழுக்கணும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போ, தலைக்கு எண்ணெய் வை, குளிர்ல வெறுங்காலோட நிக்காதே. உன் கை நடுங்காம மாதா பிடிச்சுக்கட்டும். கூப்பிட மறக்காதே.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா இன்னாசிமேரி

(அண்ணா, அம்மா சொன்னது அவ்வளவுதான். நான் மட்டும் அப்பா காதுல விழற மாதிரி உரக்கப் படிச்சேன்: "பால் கெட்டியா இருக்கறதுதான் நல்லது, கடைசி வரைக்கும் தண்ணியே விடாதே." பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தவர் எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கிட்டார். கீழே இருக்கிற கோழிக்கிறுக்கல் என்னுது இல்லை.)

ஜூட், இந்தக் கழுதை சொல்றதைக் கேட்காதே. கடைசி வரைக்கும் கெட்டியா இருந்தா முனை மொண்ணையாகும். சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டுப் பாலை மோராக்கு, மோரை வெறும் தண்ணியாக்கு, அப்புறம் தோல் வார்ல இழு. முதல்ல உன் தாடையில போட்டுப் பாரு, முதலாளி தாடை பிறகு. வெட்டினா எனக்கு போன் பண்ணு. வெட்டலைன்னாலும் பண்ணு.

அப்பா