காரின் ஆன்ட்டிக்குப் போட்ட ஐஸ்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். போன வருடத்துப் பூகோள நோட்டின் பின்பக்கம் இது. மூடி, மெத்தைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள்.
ஸ்டெல்லா, எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிறவள்.

மே 10, திங்கள்

கத்திரி வெயில். மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை.

காரின் ஆன்ட்டி (இனி கா.ஆ.) வந்து மூன்று நாள். ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பாவின் மனைவிக்குத் தங்கை. நர்சரி டீச்சர். கற்ற தமிழ்: போதும், வேண்டாம், ரொம்ப சூடு.

பெரியப்பா கடிதத்தில் எழுதி அனுப்பிய எட்டு விதிகளை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும். தெருவில் நறுக்கி விற்கும் பழம் கூடாது. பழத்தைத் தானே உரித்துத் தின்ன வேண்டும். சாப்பாடு ஆவி பறக்க இருக்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மற்றதும் இதே மாதிரி.

தண்ணீர் என் பொறுப்பு. தளதளவென்று கொதித்த பிறகும் கொஞ்ச நேரம் அடுப்பில் விடுகிறேன், சுத்தமான துணியில் வடிகட்டுகிறேன், தனிக் குடம். அம்மா விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னாள், "ஸ்டெல்லா ஆஸ்பத்திரி மாதிரி பண்றா."

கா.ஆ.வுக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியவில்லை. இன்று முயன்றார். பாதி மூக்கில், பாதி சட்டையில். அப்பா சிரிப்பை அடக்க வாசலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் குடத்துத் தண்ணீர் வெதுவெதுப்பு. "ரொம்ப சூடு" என்று பாவமாகப் பார்த்தார். நேற்று போலவே டம்ளரில் நாலு ஐஸ்கட்டி போட்டுக் கொடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ரிப்பன் வாங்க வேண்டும். மறக்காதே.

மே 11, செவ்வாய்

கா.ஆ. சாந்தோம் கோயில் பார்க்கப் போய்ப் பாதியிலேயே ஆட்டோவில் திரும்பினார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை, நேரே பாத்ரூம்.

ஓட்டக் கணக்கு: மதியம் 2, சாயங்காலம் 4, இரவு இதுவரை 1.

அவரே விரல் விட்டு எண்ணிச் சிரிக்கிறார். ஆனால் முகம் வெளுத்துவிட்டது (ஏற்கனவே வெளுப்புதான், இது வேறு வெளுப்பு).

அம்மா: "சேசுவே, நம்பி வந்தவங்களை இப்படிப் படுக்க வச்சுட்டோமே. உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் எழுதுவேன்?"
அப்பா: "வயிறு சரியில்லைன்னு எழுது."

மே 12, புதன்

இருட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

தெருமுனை டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாக்கைப் பார்த்தார், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. நல்ல வேளை.

"பெரும்பாலும் பாக்டீரியாதான். தண்ணி, கை, சாப்பாடு, இதுல ஏதோ ஒண்ணு வழியாப் போயிருக்கும். நமக்குப் பழகிப்போன கிருமி அவங்க வயித்துக்குப் புதுசு."

வைத்தியம் (பின்னால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்): உப்புச்சர்க்கரைப் பவுடர் பாக்கெட் ஒன்று, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. மடக்கு மடக்காக. இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் சாப்பிடலாம். நிறுத்துகிற மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோ ரத்தமோ வந்தால் உடனே அவரிடம்.

கா.ஆ. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கடலைக் குடிப்பது போல இருக்கிறது என்றார்.

டாக்டர் கைகழுவிக்கொண்டே கேட்டார், "தண்ணி கொதிக்க வச்சதுதானே?"
அம்மா: "ஆமா டாக்டர். ஸ்டெல்லாதான்."
"ஐஸ் போட்டீங்களா? நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுவாங்க. தண்ணியைக் கொதிக்க வைப்பாங்க, ஐஸைப் பச்சைத் தண்ணில பண்ணுவாங்க. உறைஞ்சாலும் கிருமி சாகாது."
அம்மா: "ஐயோ, அதெல்லாம் இல்லை டாக்டர்."

நான் கதவுக்குப் பின்னால். ஐஸ் ட்ரேயை நிரப்புவது நான் மட்டும்தான். அடிபம்பில் பிடித்து. இந்த வாரம் பம்புத் தண்ணீர் கொஞ்சம் மஞ்சள் வேறு. ஐஸ் என்றால் ஐஸ், அது தண்ணீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு விதியிலும் ஐஸ் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

ட்ரேயைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மே 13, வியாழன்

ஓட்டம்: 3 மட்டும்! கா.ஆ. உட்கார்ந்து சீட்டு விளையாடினார். ஏமாற்றுகிறார்.

ஆனால் இன்று நடந்ததுதான் பயங்கரம். பாத்திரம் தேய்க்கும் அஞ்சலை அக்கா மேல் பழி. கா.ஆ.வின் டம்ளரை அக்கா பம்புத் தண்ணீரில் அலசி அப்படியே வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"சனிக்கிழமையோட நின்னுக்கோ அஞ்சலை."

"இன்னாம்மா சொல்ற? அல்லாருக்கும் அதே தண்ணிலதானே கழுவறேன். உனக்கு இன்னா ஆச்சு? சாருக்கு இன்னா ஆச்சு? பாப்பா நல்லாத்தானே கீது?"

பாப்பா என்றால் நான். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறந்தேன். "தாகமா இருக்கு" என்று சொன்னேன். சீ.

அக்கா ஏழு வருடமாக வருகிறார். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்தவர்.

மே 14, வெள்ளி

காலையில் அஞ்சலை அக்கா இடுப்பில் ஒரு இளநீரோடு வந்தார். "வெள்ளைக்கார அம்மாவுக்கு. இப்பவே சீவிக் குடு பாப்பா, வச்சுக் குடுக்காதே." போகச் சொன்ன வீட்டுக்கு இளநீர். கா.ஆ. குடித்துவிட்டு "போதும்" சொல்லவில்லை, "இன்னும்" என்றார். புதுச் சொல்! அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.
"தோ பார்றா, தமிழ் பேசிக்கினு கீது!"

ஓட்டம்: 1. நாளைக்கு பாண்டி பஜார் போகலாமாம். ரிப்பன்!

நாளைக்குத்தான் சனிக்கிழமை.

மூன்று தடவை அம்மா பின்னால் சமையலறைக்குப் போனேன். மூன்று தடவையும் கறிவேப்பிலை ஆய்ந்துவிட்டு வந்தேன். இனி ஆய கறிவேப்பிலை இல்லை.

நேரில் சொல்ல முடியாது. அதனால் இப்படிச் செய்தேன். ஜெபமாலை முடிந்ததும் அம்மா தனியாக ஜெபப் புத்தகம் வாசிப்பாள், சிவப்பு நாடா வைத்த பக்கத்தில். அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துவிட்டேன். "அம்மா, ஐஸ் போட்டது நான். பம்புத் தண்ணீர். அஞ்சலை அக்கா இல்லை. பெரியப்பாவுக்கும் எழுதுங்கள், ஒன்பதாவது விதி: ஐஸும் தண்ணீர்தான்."

எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். எடுக்கவில்லை.

ஜெபமாலை முடிந்தது. அப்பா கொட்டாவி. நாற்காலி இழுக்கும் சத்தம். பக்கம் புரளும் சத்தம்.

ஒன்றும் இல்லை.

கா.ஆ. அறையில் பாட்டு முணுமுணுக்கிறார். பாத்ரூம் கதவு சத்தம் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

நாற்காலி மறுபடி. செருப்புச் சத்தம். என் கதவு தட்டப்படுகிறது. அம்மா தட்டவே மாட்டாளே, நேரே உள்ளே வருவாள்.

"ஸ்டெல்லா, நீ முழிச்சிருக்கேன்னு தெரியும். காலைல அஞ்சலைகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

குரலில் கோபம் இல்லை. நான்தான் சொல்வேன். கதவு திறக்கிறது, நானே சொ