கணக்குப் பரீட்சைக்கு ஓடி வந்தவளுக்கு

நேற்று பர்மிங்காமிலிருந்து தம்பி மகள் போன் செய்தாள். அவள் பெண்ணுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை. அங்கே மே, ஜூனில்தான் எழுதுகிறார்கள். விளையாட்டுக் கூடத்தில் வரிசையாக மேசை போட்டு, கையில் வாட்ச்கூடக் கட்டவிடாமல் உட்கார வைப்பார்களாம். கணக்குக்கு மட்டும் மூன்று தாள். இரண்டாம் தாளன்று பெண்ணுக்கு நெருப்பாய்க் காய்ச்சல், போகவே முடியவில்லை.

"ஐயையோ, வருஷம் போச்சா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல அத்தை. உடம்பு சரியில்லன்னு ஸ்கூல்லேர்ந்து எழுதி அனுப்பிட்டாங்க. மத்த ரெண்டு தாளப் பாத்து மார்க் போட்டுருவாங்க."

போனை வைத்துவிட்டு உன்னிடம்தான் பேசினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கேட்டாயா அநியாயத்தை? எழுதாத தாளுக்கும் வழி உண்டாம். சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

நாம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருடம் இரண்டாம் போகத் தாளடி நெல் அறுப்பு பிந்திப்போயிருந்தது. கூலித் தகராறு. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்க, உங்கள் தெருவார் வயலில் நின்று மறித்தார்கள். கணக்குப் பரீட்சையன்று விடியும்போதே போலீஸ் வேன் வந்து உன் அப்பாவை ஏற்றியது. வேன் கிளம்பும்வரை தெருவைவிட்டு ஒருவரையும் வெளியே விடவில்லை. அந்தத் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்து வந்த முதல் பெண் நீ.

பாபநாசத்தில் பரீட்சை. எனக்கு முன் மேசை காலியாக இருந்தது. அரை மணிக்கு மேல் தாமதமானால் சேர்க்க மாட்டார்கள். அதுவும் தாண்டித்தான் வரப்பும் வாய்க்காலுமாக ஓடி வந்து, சேற்றுக் காலோடு வாசலில் நின்றாய்.

"போலீஸ் விடல சார். அப்பாவப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க சார்."

"நான் என்னம்மா பண்றது? ரூல் அப்படி" என்றார் கண்காணிப்பாளர். கெட்டவரில்லை. நான் எழுந்து, "அவ நல்லாப் படிக்கிறவ சார்" என்றேன். "உக்காரும்மா, ஒன் பேப்பரும் போயிடும்." உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பரில் திரும்ப எழுதலாம் என்றார்கள். செப்டம்பரில் குறுவை அறுப்பு. அப்பா சிறையில், தம்பிகள் பசியில். நீ அரிவாளோடு வயலில். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டதென்று ஊருக்கு ஊர் மேடை போட்டு முழங்கிய காலம் அது. அறுப்பையும் பரீட்சையையும் ஒன்றோடொன்று மோதாமல் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கணக்குப் பரீட்சை முடிந்து நான் வெளியே வந்தபோது நீ புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். அழுவாயோ என்று பயந்தேன்.

"கேள்வித்தாளக் குடுடி" என்றாய்.

நோட்டிலிருந்து தாள் கிழித்து ஒவ்வொரு கணக்காகப் போட்டாய். நான் விட்டுவிட்டு வந்த தேற்றத்தையும் போட்டாய். விடைத்தாள் கட்டக் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சிய நூலை வாங்கி, தாள்களைக் கோத்து முடிச்சுப் போட்டாய். முதல் பக்கத்தில் உன் பதிவு எண்ணை எழுதினாய். அப்புறம்தான் நிமிர்ந்தாய்.

"இத யாருகிட்டடி குடுக்கறது?"

பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அதை யாரிடமும் கொடுக்க முடியவில்லை.