கோழிக்கொண்டைக் குழம்பு

ஃபோலாரின் அப்பாவுக்கு,

"பட்டம் வாங்கின தலைவன் வீட்டு வாசல்ல கீரையாடி? கோழிக்கொண்டைப் பூதான் கௌரவம்!" என்று கத்தி, நேற்று என் சோக்கோக் கீரைப் பாத்தியை வெட்டுக்கத்தியால் கொத்திப் போட்டீர்கள். தடுத்த என் கையும் கிழிந்தது.

இன்று பட்டத்தை வாழ்த்த வரும் பெரியவர்கள் சோக்கோக் குழம்புதான் கேட்பார்கள். அதனால் உங்கள் கோழிக்கொண்டைகளின் கழுத்தையெல்லாம் திருகிவிட்டேன். இலைகளை மிளகாயும் செம்பனை எண்ணெயும் சேர்த்துச் சமைத்து அடுப்பில் வைத்திருக்கிறேன். உங்கள் பூவும் என் கீரையும் ஒரே இனம்தான். நாக்குக்குப் பட்டம் தெரியாது.

குழம்போடு பரிமாற வள்ளிக்கிழங்கை நீங்களே இடியுங்கள். நேற்றைய பலம் மிச்சமிருக்கும்.

– அயோகே

அண்ணன் வீட்டில் இருக்கிறேன். இனிக் கை ஓங்கமாட்டேன் என்று அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சொன்னால் வருவேன்.

பட்டத்து அங்கியில் வராதீர்கள். அங்கே முற்றமெல்லாம் சேறு.