கசாவா என்று தேடுக

நேற்று மாலை மாடி வீட்டில் மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, அவித்தார்கள். அந்த மணம் சன்னல் வழியாக வந்ததும், தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். நீ போன பிறகு இப்படித்தான், கேட்க ஆளில்லாமலே பேசுகிறேன்.

எழுபதுகளில் திருவனந்தபுரத்து ஆய்வு நூலகம் ஒன்றில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். நீ அந்த ஊர் வலியசாலையிலேயே பிறந்தவள். கோபம் வந்தால் மலையாளம், கொஞ்சினால் தமிழ்.

அன்று மழை. மலையடிவாரத்து வித்துராவிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர் நனைந்தபடி வந்தார். நாகர்கோவில்காரர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை.

“மரச்சீனி எலையத் தின்னுட்டு மாடு விழுது, அக்கா. மருந்து தெரியும். எவ்வளவு குத்தணும்னுதான் நிச்சயமில்ல. நேத்து ஒண்ணு என் கண்ணு முன்னாலயே போச்சு. யாராவது எழுதியிருப்பாங்கல்லா?”

ஆய்வுச் சுருக்கத் தொகுதிகளின் பின்பக்க அட்டவணையில், மரச்சீனிக்கு நமக்குத் தெரிந்த ஆங்கிலப் பெயரான ‘டாப்பியோக்கா’ என்று பார்த்தோம். மாவையும் ஜவ்வரிசியையும் பற்றிய கட்டுரைகள்தான் இருந்தன. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

“இல்லாம இருக்காதுடீ. நாம கூப்பிடற பேர்ல இல்லை, அவ்வளவுதான்.”

ஒரு பொருளை எந்தப் பெயரில் தேடவேண்டும் என்று சொல்லும் தீசாரஸ் புத்தகம் வேளாண்மைக்கும் வந்திருந்தது. நம்மிடம் அது இல்லை. ஒவ்வொரு நூலகமாக நீ தொலைபேசியில் கேட்டாய். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இருந்தது. பூட்டிய அலமாரியில் இருக்கிறது, நேரில்தான் வரவேண்டும் என்றார்கள்.

“இங்கேயே இருங்கோ, போயிடாதேங்கோ” என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

நாம் போய்ச் சேர்ந்தபோது நூலகர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாளை வரச் சொன்னார். நீ சண்டை போடுவாய் என்று பயந்தேன். நீயோ பாதி மலையாளமும் பாதி தமிழுமாகக் குழைந்தாய்.

“ஒரு வாக்கு மதி, சாரே. ஒரே ஒரு வாக்கு நோக்கிட்டுப் போயிடறோம்.”

ஒரு வார்த்தைக்காகவா இந்த மழையில் வந்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே அவர் கதவைத் திறந்தார். டாப்பியோக்காவுக்கு எதிரே ‘கசாவா என்று தேடுக’ என்றிருந்தது.

“பாருடீ, ஊரே தேடறது, இவ வேற பேர்ல குடியிருக்கா” என்றாய்.

நம் நூலகத்துக்குத் திரும்பி வந்தபோது மருத்துவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அதே அட்டவணையில் கசாவாவின் கீழே பத்தி முழுக்கக் கட்டுரைகள். ஒன்றின் சுருக்கத்தில், விஷமேறிய மாடுகளுக்குப் போட்ட மருந்தின் அளவே இருந்தது. எழுதிக்கொண்டு, நன்றி சொல்லக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

சில நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் போய்ச் சேருமுன் ஒரு பசு செத்துவிட்டதாம். மற்றவை எழுந்து நின்றுவிட்டன. நீ முந்தானையால் கண்ணைத் துடைத்தாய். என் நேர்த்திக்கடன்களையெல்லாம் கேலி செய்கிறவள், அன்று சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தாய்.

“ஒண்ணு மாடுகளுக்கு. இன்னொண்ணு, கசாவான்னு தேடுன்னு அந்த ஒரு வரியை அங்கே போட்டு வச்சிருக்காளே யாரோ, எந்தத் தேசமோ, அவாளுக்கு.”

இப்போதும் தேடியது ஒரு புத்தகத்தில் கிடைத்துவிட்டால், உடனே மூடிவிட எனக்கு மனம் வருவதில்லை. முகம் தெரியாத அந்த யாரோ ஒருவரை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.