ஃபராஸ் இப்போது என்ன சாப்பிடுகிறான்

அன்புள்ள மஹ்விஷ் ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தோலோடுதான். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு உரிக்க வேண்டும். முதலிலேயே உரித்துவிட்டால் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. கையில் பிடித்ததும் குழைந்து, வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழுந்துவிடும். ஃபராஸுக்குக் கோபம் வரும்.

நேற்று போனில் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். அவன் இப்போது என்னென்ன சாப்பிடுகிறான் என்பது ஒன்று. சனிக்கிழமை வந்து அவனை ஷார்ஜாவுக்கு அழைத்துப் போகட்டுமா, இல்லை நீயே வைத்துக்கொள்கிறாயா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே குரலில் கேட்டீர்கள். அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பப்போகிறேன். போனில் தட்டினால் எழுதுவதைவிட அழிப்பது அதிகமாகிவிடுகிறது.

முதல் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும்.

கேரட்டையும் கிழங்கையும் உங்கள் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டுங்கள். அவன் முழுக் கையால் மூடிப் பிடிப்பவன். கைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் கடிப்பான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் கொடுக்காதீர்கள். நேந்திரம்பழத்தில் பாதித் தோலை விட்டுவைத்தால் வழுக்காது. இட்லியை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்கலாம், அன்றைக்குச் சுட்ட இட்லியாக இருந்தால். பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்து, நெய் தொட்டுச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தட்டில் வைத்தால், ஒவ்வொன்றாக எடுத்து முதலில் பார்ப்பான். பார்த்த பிறகுதான் வாய். இந்தப் பார்வை உங்களிடமிருந்து வந்தது. மருந்துக் கடையில் நீங்கள் மாத்திரை அட்டையைப் பார்ப்பது போலவே இருக்கும்.

உப்பு இல்லை. சர்க்கரை இல்லை. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. ஹபீப் பாய் மகன் என்ற ஆசையில் விரலில் தொட்டு வைக்கப்போகிறார், முதலிலேயே சொல்லிவையுங்கள். பேரீச்சம்பழம் அங்கே கூடை கூடையாக இருக்கும். ஊறவைத்து, கொட்டை நீக்கி, மசித்து ரொட்டித் துண்டில் தடவினால் போதும். முழுதாக வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். வட்டமாக எதையும் கொடுக்காதீர்கள்.

பீட்ரூட் கொடுத்தால் மறுநாள் டயப்பர் சிவப்பாக இருக்கும். அது ரத்தமில்லை.

சாப்பிடும்போது சில சமயம் ஓங்கரிப்பான். முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், இருமுவான். அவனே வெளியே தள்ளிவிடுவான். விரலை விட்டு எடுக்கப்போனால் இன்னும் உள்ளே போய்விடும். சத்தம் வரும் வரை பயமில்லை. சத்தமே இல்லையென்றால்தான் முன்கையில் கவிழ்த்துப் போட்டு, தோள்களுக்கு நடுவில் அடிக்க வேண்டும். இதுவரை அப்படி ஆனதில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆபா. சத்தமில்லாத குழந்தை எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

குளிக்கவைப்பது சாப்பாட்டுக்கு முன்னால். தேங்காய் எண்ணெய், வெந்நீர், பயத்தமாவு. காதுக்குப் பின்னால் சோறு ஒட்டிக்கொண்டிருக்கும், எப்படி அங்கே போகிறது என்று தெரியவில்லை. தூக்கத்துக்குத் தூளி. உங்கள் பிளாட்டில் கூரையில் கொக்கி இருக்காது. அதனால் கொஞ்ச நாளாகப் பாயில் போட்டுப் பழக்குகிறேன். முதுகில் தட்ட வேண்டும். வேகமாக இல்லை. நீங்கள் யாருக்காகவோ கதவு தட்டுகிறீர்கள், அவர்கள் திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது போல.

அங்காளம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும். பட்டினப்பாக்கத்திலிருந்து நம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். நீங்கள் ஷார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு, எனக்குப் பால் ஊறுவதற்காக வாரம் தவறாமல் பால் சுறா கொண்டுவந்தார். நான் புட்டு செய்து தின்றேன். ருசி தெரியவில்லை, ஆனால் தின்றேன். போன வாரம் கேட் அருகே கூடையை இறக்கிவைத்துக் கேட்டார். ஃபராஸ் என் இடுப்பில் இருந்தான்.

"இன்னாமா, சுறா வாணாம்ன்றியே. புள்ள பாலு குடிக்கறத உட்டுட்ச்சா?"

விட்டுவிட்டான் என்றேன். அவர் அவன் முகவாயைப் பிடித்துப் பார்த்தார். கையில் செதில் இருந்தது.

"அப்டியே உன் மூஞ்சி கீது பாரு இவனுக்கு. பெத்தவ வந்து பாத்தா உன்னாண்ட சண்டைக்கு வருவா."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கிழங்கான் மீன் வாங்கினேன். அதை அவனுக்குக் கொடுக்கலாம், ஆனால் முள்ளை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு முறை தடவிப் பார்க்க வேண்டும்.

பால் விட்டதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். விசா வேலை தொடங்கிவிட்டது, மெதுவாக நிறுத்து, இல்லையென்றால் இங்கே வந்து தவித்துப்போவான் என்று சொன்னீர்கள். சரி என்றேன். கீழ்வீட்டில் வேப்பிலையை அரைத்துத் தடவச் சொன்னார்கள். நான் தடவவில்லை. ஒரு வேளைப் பாலுக்குப் பதில் ஒரு வேளைக் கிழங்கு. இன்னொரு வேளைக்குச் சோறு. அவன் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை குறைந்தது. நல்ல சாப்பாட்டுக்காரன் என்று உங்கள் தம்பி யாசிர் எல்லோரிடமும் சொன்னார். கடைசியாகக் காலைப் பால் மட்டும் இருந்தது. ஒரு நாள் காலை மடியில் எடுத்தேன். அவன் என் தோளுக்கு மேலே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையால் என்னைத் தள்ளினான். பலமாகத் தள்ளவில்லை. ஒரு திரையை ஒதுக்குவது போல.

அவ்வளவுதான். வலி இரண்டு நாள் இருந்தது. முட்டைக்கோஸ் இலை வைத்துக்கொண்டேன். இப்போது ஒன்றுமில்லை. பவுடர் பாலை டம்ளரில் குடிக்கிறான், பாதியைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டு.

இனி இரண்டாவது கேள்வி.

அந்தக் கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். போன வெள்ளிக்கிழமை வீடியோவில் நீங்கள் கூப்பிட்டபோது, அவன் திரையைப் பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். ஹபீப் பாய் உங்கள் கையிலிருந்து போனை வாங்கினார். அன்றிலிருந்தே நீங்கள் இதைக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தீர்கள்.

யாசிரும் தயாராக இருக்கிறார். உங்கள் தம்பியை உங்களுக்குத் தெரியும், எதையும் நேராகச் சொல்லமாட்டார். ஆழ்வார்பேட்டைக் கடையிலிருந்து வரும்போது ஒரு சின்னச் சட்டை வாங்கி வந்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கானது. இது ஏன் இவ்வளவு பெரிதாக என்று கேட்டேன். வளர்வான் இல்லையா என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஒரு வார்த்த கேளு, அஃப்ரா. ஆபா குடுத்துரும்."

அது உண்மை. நான் கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். மறுபடி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள்.

உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பெரிய விஷயமில்லை. அவனுக்கு முதன்முதலாகக் கிழங்கு கொடுத்த நாளைப் பற்றியது. ஆறு மாதம் முடிந்தால் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதம் முடிந்த அன்று காலையிலேயே எழுந்து வேகவைத்தேன். புதுத் தட்டு. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்தேன். நக்கினான், சப்பினான், முகத்தில் பூசிக்கொண்டான். அன்று மாலையே வயிற்றுப்போக்கு. மறுநாளும் நிற்கவில்லை. ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். பிறந்த தேதி கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் ஆறு மாதம் ஆகிவிட்டது, சரியாகத்தான் தொடங்கியிருக்கிறீர்கள், போகப்போகப் பழகும் என்றார்.

யாசிர் பக்கத்தில் நின்றிருந்தார். வரும் வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது, திரும்பாமல் சொன்னார்.

"அது நம்ம பொண்ணோட தேதி."

பக்கத்து ஆட்டோவில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பச்சை விழுந்தது. யாசிர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி டாக்டரிடமே போனார். இன்னும் மூன்று வாரம் பால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கொடுத்தேன். சரியாகிவிட்டது.

மறதி இல்லை, ஆபா. மறதியாக இருந்தால் வேறு ஏதாவது தேதியைச் சொல்லியிருப்பேன். என் மின்ஹா மூச்சில்லாமல் பிறந்து மூன்று வாரம் கழித்து உங்கள் ஃபராஸ் பிறந்தான். பிரசவம் கழிந்து நாற்பது நாள் முடிந்து நீங்கள் கிளம்பிய காலையில், அவனை நீங்களே என் மடியில் வைத்துவிட்டுப் போனீர்கள். எத்தனை நாளைக்கு என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. எனக்குப் பால் இன்னும் வற்றாமல் இருந்தது, அவனுக்குப் பசி இருந்தது. அவனைக் குளிப்பாட்டியதும் தூங்கவைத்ததும் நான்தான். ஆனால் நான் எண்ணிக்கொண்டிருந்தது அவனுடைய மாதங்களை இல்லை. அது எனக்கே அந்த சிக்னலில்தான் தெரிந்தது.

இங்கே இருந்தால் அவனுக்கு ஒரு குறையும் வராது. நன்றாகச் சாப்பிடுவான். ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளும் அவனுக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிடும். நான் வாய் திறந்து சொல்லமாட்டேன். குழந்தைக்கு அது தெரிந்துவிடும்.

அதனால் வாருங்கள். அழைத்துப் போங்கள்.

இது தியாகம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு இப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காலையில் எழுகிறேன், வேகவைக்கிறேன், வெட்டுகிறேன். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கத்தி மட்டும் தெரிந்தது. யாசிர் கொஞ்ச நாள் பேசமாட்டார். பிறகு பேசுவார்.

முதல் வாரம் அவன் அழுவான். உங்களைப் பார்த்து அழுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பழைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் வைக்கிறேன், தூங்கும்போது பக்கத்தில் போடுங்கள். வாடை போனதும் எறிந்துவிடுங்கள். தட்டைத் தள்ளிவிட்டால் கெஞ்சாதீர்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் தட்டிலிருந்து எடுப்பான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் சரி. மாமி போதும். என் பால் குடித்தவன் மார்க்கப்படி எனக்கு மகன் என்பதால் வளர்ந்து தாடி வைத்த பிறகும் என் முன்னால் வந்து உட்காரலாம், என் தலையில் முக்காடு இருக்கிறதா என்று இரண்டு பேருமே பார்க்க வேண்டியதில்லை. அதை யாரும் எடுத்துவிட முடியாது. அதற்காக நான் உங்களைக் கேட்கவும் வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. என் பால் குடித்ததால் மின்ஹா அவனுக்கு அக்கா. அவளை நானும் யாசிரும் நீங்களும் மட்டுமே பார்த்திருக்கிறோம். அவனுக்குப் புரியும் வயது வரும்போது, உனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று அவள் பெயரோடு சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் போதும். சாப்பிடும்போது சொல்லாதீர்கள்.

அல்லாஹ் அவன் வயிற்றை எப்போதும் நிறைத்து வைக்கட்டும். உங்கள் கைக்கு அவன் சீக்கிரம் பழகட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
அஃப்ரா
ராஜா அண்ணாமலைபுரம்

எழுதி முடித்த பிறகு யாசிருக்கு போன் செய்து, சனிக்கிழமை விமான நிலையத்துக்கு வண்டி சொல்லிவிடச் சொன்னேன். பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று கேட்டார். பெரியது என்றேன், நானும் ஃபராஸும் வருகிறோம்.