ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

12 ஜூன், வியாழன்

தூக்கம் வரவில்லை. என் இரண்டாம் ஆண்டு வகுப்பின் எட்டு வயதுப் பிள்ளைகளில் லோஷினிதான் நன்றாக வாசிப்பவள் என்று சனிக்கிழமை ஆயர் குரோவில் நடக்கும் வாசிப்புப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அங்கே புதுக் கதை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள்.

நேற்று நான் கொட்டிய தேத்தண்ணியில், வகுப்பில் நான் அடிக்கடி வாசித்துக்காட்டும் கதைப் புத்தகத்தின் நடுப்பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. இன்று அதை வாசித்த லோஷினி அங்கே தடுமாறவே இல்லை. ஒட்டிய பக்கங்களில் இருந்ததையும் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் பார்த்திராத புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"டீச்சர், நீங்க மொதல்ல ஒரு தடவ படிங்க லா. அப்புறம் நான் படிக்கிறேன்."

வாசிப்பில் தேர்ச்சி என்று பதிவேட்டில் எழுதியது நான்தான். நாளைக்குப் பெயரை எடுத்துவிடலாம். அவளிடம் என்ன சொல்வது? போட்டிக்கென்று அவள் அம்மா புதுச் சப்பாத்து வாங்கிவிட்டாராம்.

தேத்தண்ணி கொட்டிய அந்தக் கதையில் யானை ஆற்றில் இறங்கும் வரி நீளம். பாதியில் எனக்கு மூச்சு வாங்கும், நிறுத்துவேன். அவளும் சரியாக அங்கேதான் நிறுத்துவாள். அப்படியே என்னை மாதிரி வாசிக்கிறாள் என்று முன்பு ஆசிரியர் அறையில் சொல்லிப் பூரித்துப்போனேன்.